மெய் இல்லாத மெய்ப்பாடு: கிரிப்டோ சந்தையின் ஏற்ற இறக்கங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

'சென்டிமென்ட்' என்ற சொல் தமிழுக்குள் வந்து ரொம்ப காலமாக இரண்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒன்று சினிமா. அம்மா சென்டிமென்ட், தங்கச்சி சென்டிமென்ட் என்னும்போது அது கண்ணீர். மற்றது ராசி. 'செவ்வாய்க்கிழமை காசு வெளிய குடுக்கறதில்லீங்க, சென்டிமென்ட்' என்று மேட்டுப்பாளையம் கடைவீதியில் ஒருவர் சொன்னால் அங்கே கண்ணீர் இல்லை. காரணம் கேட்கக்கூடாத ஒரு விதி இருக்கிறது. இப்போது மூன்றாவதாக ஒரு பொருள் செல்போன் வழியே வந்து சேர்ந்திருக்கிறது: 'மார்க்கெட் சென்டிமென்ட்'. பங்குச் சந்தைச் செய்திகளில் பழைய சொல்தான் என்றாலும், பிட்காயின் முதலான கிரிப்டோ நாணயங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாயில்தான் அது எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஒற்றைச் சொல்லாக ஆகியிருக்கிறது. விலை ஏறினால் சென்டிமென்ட் நல்லாயிருக்கு. இறங்கினால் சென்டிமென்ட் கெட்டுப்போச்சு. எப்படி நல்லாயிருக்குன்னு தெரியும் என்று கேட்டால், அதான் விலை ஏறுதே என்பார்கள்.

இந்த வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். பொருளாதாரம் எனக்குத் துறை அல்ல. ஆனால் ஒரு சமூகம் தன் உணர்ச்சிகளுக்கு எப்படிப் பெயரிடுகிறது, அவற்றை யார் தலையில் ஏற்றுகிறது என்பது இலக்கியம் படித்தவனுக்கும் உரிய கேள்வி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அதற்கென்று தனியாக மெய்ப்பாட்டியல் என்றொரு இயலே இருக்கிறது. எம்.ஏ. படித்த காலத்தில் பரீட்சைக்காக உருப்போட்ட அந்த இயல், பிட்காயின் விலைக்கோட்டைப் பார்க்கும்போது ஞாபகம் வந்தது என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நகையும் எட்டில் ஒன்றுதான்.

2

மேட்டுப்பாளையத்தில் விலை என்பது காதால் கேட்கக்கூடிய ஒரு சங்கதி. நீலகிரியிலிருந்து லாரியில் இறங்கும் உருளைக்கிழங்கு மண்டிகளில் தரம் பிரித்துக் கொட்டப்பட்டு ஏலத்துக்கு வருகிறது. 45 கிலோ மூட்டைக்கு இன்ன விலை என்று ஒருவர் கூவ, வாங்குகிறவர்கள் தலையசைக்க, அன்றைய விலை ஐந்து நிமிஷத்தில் பிறந்துவிடும். இங்கேயும் சென்டிமென்ட் இல்லாமல் இல்லை. 'குஜராத் லோடு இருபது வண்டி வருதாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், வண்டி ஈரோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் இங்கே விலை இறங்கிவிடும். கோலார்க் கிழங்கு, மலையில் பெய்த மழை, கேரளத்துப் பண்டிகை எல்லாமே முதலில் வார்த்தையாக வந்து விலையைத் தொட்டுவிட்டு, அப்புறம்தான் சரக்காக வந்து சேர்கின்றன. ஆக, சந்தை என்பது எப்போதுமே கொஞ்சம் கதையாடல்தான்.

ஆனால் ஒரு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது வேறு. 'தம்பி, கிழங்கு அழுகுமுங்க. இன்னைக்கு வெல இல்லீன்னாலும் நாளானைக்குள்ள வித்துத்தான் ஆகோணும். அழுகற பண்டத்த வெச்சுக்கிட்டு நம்பிக்கைன்னு பேசிட்டு உக்காந்திருக்க முடியுமுங்களா?' அவர் இதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை. ஆனால் நான் படித்த சில கனமான புத்தகங்களைவிட இந்த 'அழுகுமுங்க' என்ற சொல் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கிழங்குக்கு நேர் எதிர் மஞ்சள். அது அழுகாது. வேகவைத்துக் காயவைத்துக் குடோனில் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கிடக்கும். எனவே மஞ்சளில்தான் கொங்கு விவசாயி நம்பிக்கை என்கிற வியாதியைப் பழகிக்கொண்டான் எனலாம். 2010இல் ஈரோட்டில் மஞ்சள் குவிண்டாலுக்கு 16,000, 17,000 என்று போனது. அடுத்த நடவில் கண்ட காட்டிலெல்லாம் மஞ்சள். நட்டு வெட்டியெடுக்க ஒன்பது, பத்து மாசம் ஆகும். எல்லோருடைய மஞ்சளும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தபோது, 2012இல், விலை 5,000க்கும் கீழே. விற்காமல் வைத்திருந்தவர்கள் 'ஏறும், ஏறும்' என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நடவைக் குறைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் கழித்து 2024இல் விலை மறுபடி உச்சத்துக்குப் போனபோது யார் கையில் சரக்கு இருந்தது என்பது தனிக்கதை.

இந்தச் சுழற்சிக்குப் பொருளாதாரத்தில் 'சிலந்திவலை' என்று பெயர். 1934இல் கால்டோர் வைத்த பெயர் அது. இன்றைய விலையைப் பார்த்து நடுகிறோம். விளைச்சல் நாளைய விலைக்குள் போய் விழுகிறது. நடுவே இருக்கும் கால இடைவெளிதான் விலையை மேலும் கீழுமாக ஆட்டுகிறது. விலையையும் அளவையும் கோடாக வரைந்தால் சிலந்தி வலை மாதிரி சுற்றும். இங்கே கவனிக்க வேண்டியது, மஞ்சளின் ஏற்ற இறக்கத்துக்கு மண்ணில் ஒரு காரணம் இருக்கிறது. விலை ஏறினால் சரக்கு கூடும். சரக்கு கூடினால் விலை இறங்கும். மனசு அதன்மேல் ஏறி உட்கார்ந்து கொஞ்சம் மிகைப்படுத்துகிறது, அவ்வளவே.

3

பிட்காயினில் இந்த மண் இல்லை. இது வசை அல்ல, அமைப்பு பற்றிய விவரணை. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான ஒன்பது பக்கக் கட்டுரையிலிருந்து 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய அந்த அமைப்பில், மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வராது என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்தாகிவிட்டது. சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு 'பிளாக்'. ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாணயம் கூலி. 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, அந்தக் கூலி பாதியாகும். 50இல் தொடங்கி 2012இல் 25, 2016இல் 12.5, 2020இல் 6.25, 2024 ஏப்ரலில் 3.125. விலை ஏறுகிறதே என்று ஆயிரம் பேர் புதிதாக இயந்திரத்தோடு வந்து தோண்டினால் என்ன ஆகும்? மஞ்சளாக இருந்தால் சரக்கு கூடும். இங்கே 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, சுமாராக இரண்டு வாரத்தில், புதிரின் கடினம் தானாக ஏறிக்கொள்ளும். தோண்டுகிறவர்கள் பெருகினாலும் வெளியே வருவது அதே அளவுதான். விலைக்குச் சரக்கு பதில் சொல்லாத சந்தை இது. சிலந்தி வலை பின்ன முடியாது. அப்புறம் எதில்தான் சுழற்சி?

சசூரை இங்கே கூப்பிடலாம். 1980களில் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வழியாக நம்மிடம் வந்து, பிறகு ஆளாளுக்குக் குறிப்பான், குறிப்பீடு என்று எழுதித்தள்ளிய காலத்தில் சசூரின் ஓர் உதாரணத்தை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. மொழியின் மதிப்பை விளக்க அவர் நாணயத்தைத்தான் எடுத்துக்கொண்டார். ஐந்து பிராங்க் நாணயம் ஒன்றின் மதிப்பு இரண்டு வழியில் தீர்மானமாகிறது: அதைக் கொடுத்து இன்னொரு வகைப் பொருளை, ரொட்டியை வாங்கலாம், அதே வகையைச் சேர்ந்த ஒரு பிராங்க் நாணயத்தோடு அதை ஒப்பிடலாம். கிழங்கு மூட்டைக்கு முதல் உறவு எப்போதும் உண்டு. யாரோ ஒருவர் எங்கோ அதைப் பொரியல் செய்யப்போகிறார். பிட்காயினில் முதல் உறவு மெலிந்து கிட்டத்தட்ட நூலாகிவிட்டது. 2010 மே 22 அன்று அமெரிக்காவில் ஒருவர் 10,000 பிட்காயினுக்கு இரண்டு பீட்சா வாங்கினார் என்பதை இன்றும் வருஷாவருஷம் கொண்டாடுகிறார்களே, அது முதல் உறவுக்கு எடுக்கும் திதி என்றே எனக்குப் படுகிறது. எல் சால்வடோர் 2021இல் அதைச் சட்டப்பூர்வப் பணமாக்கிப் பார்த்தது. 2025இல் கடைக்காரர்கள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதைக் கைவிட்டது. மிஞ்சுவது இரண்டாம் உறவு: நேற்றைய விலையோடு இன்றைய விலை, டாலரோடு அது, மற்றவன் தரத் தயாராக இருப்பதோடு நான் தரத் தயாராக இருப்பது.

4

பேராசிரியர் தம் மெய்ப்பாட்டியல் உரையில் ஓர் உணர்ச்சி உருவாவதை நான்கு படியாகப் பிரிக்கிறார். சுவைக்கப்படும் பொருள், அதனோடு பொறி மோதும்போது எழும் சுவை, அதனால் மனத்தில் நேரும் குறிப்பு, கடைசியாக உடம்பில் தோன்றும் சத்துவம் - வியர்த்தல், நடுங்கல், மயிர் சிலிர்த்தல். வெளியே இருக்கும் ஒன்று உள்ளே போய் மறுபடி உடம்பின்மேல் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. நமக்குப் பழகிய உதாரணம் சொல்வதானால் யானை. 2021இல் எங்கள் ஊரைச் சுற்றி அலைந்த, சனங்கள் 'பாகுபலி' என்று பேர் வைத்த ஆண் யானை தெருமுனையில் நிற்கிறது. யானை பொருள். அச்சம் சுவை. 'ஓடீரலாம்' என்பது குறிப்பு. கால் நடுங்குவது சத்துவம்.

இனி வேறொரு காட்சி. ஒருவன் ஓடிவருகிறான். யானையை நான் பார்க்கவில்லை. ஓடுகிறவனைப் பார்த்து நானும் ஓடுகிறேன். என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர். இப்போது என் அச்சத்துக்குச் சுவைப்பொருள் யானை அல்ல, இன்னொருவனின் மெய்ப்பாடு. 1936இல் கெய்ன்ஸ் பங்குச் சந்தையை விளக்க ஓர் அழகுப்போட்டியைச் சொன்னார். பத்திரிகையில் நூறு பெண்களின் படம். ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெரும்பாலோர் தேர்வுக்கு எவனுடைய தேர்வு பக்கத்தில் வருகிறதோ அவனுக்குப் பரிசு. எனவே எனக்கு எந்த முகம் பிடிக்கிறது என்பது அனாவசியம். மற்றவர்களுக்கு எது பிடிக்கும், அதையும் தாண்டி, மற்றவர்களுக்கு எது பிடிக்கும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள் என்பதுதான் ஆட்டம். பேராசிரியரின் மொழியில் இதைச் சொன்னால், சுவைப்பொருளின் இடத்தில் பிறரது சுவை வந்து உட்கார்ந்துகொண்ட நிலை. கெய்ன்ஸ் காலத்துப் பங்குகளுக்காவது பின்னால் ஒரு மில் இருந்தது, ஈவுத்தொகை இருந்தது. ஒருநாள் யானை உண்மையிலேயே தெரியும். பிட்காயினில் முதலில் ஓடியவனும் யானையைப் பார்க்கவில்லை.

2018 முதல் நாள்தோறும் வெளியாகும் 'அச்சம் - பேராசைக் குறியீட்டெண்' ஒன்று இருக்கிறது. 0 என்றால் பேரச்சம், 100 என்றால் பெரும்பேராசை. விலையின் ஊசலாட்டம், வியாபார அளவு, சமூக ஊடகப் பேச்சு, தேடல்களின் எண்ணிக்கை இவற்றையெல்லாம் கலக்கி அந்த எண்ணை எடுக்கிறார்கள். விலையிலிருந்து உணர்ச்சியைக் கணக்கிட்டு, அந்த உணர்ச்சியைக் கொண்டு விலையை விளக்குவது! நான் முதல் பத்தியில் சொன்ன வட்டத்தை ஒரு கடிகார முள்ளாக வரைந்து வைத்திருக்கிறார்கள்.

அச்சம் தொல்காப்பியரின் எட்டில் உண்டு. பேராசை இல்லை. எட்டுக்குப் பிறகு மேலும் முப்பத்திரண்டு சொல்கிறார். உடைமை, பொறாமை, ஐயம், வியர்த்தல், நடுக்கு வரை இருக்கின்றன, பேராசையைக் காணோம். வள்ளுவர் வெஃகாமை என்று அறத்துப்பாலில்தான் வைக்கிறார். இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். பேராசை என்பது ஒருவன் தனக்குள் உணரும் உணர்ச்சியே அல்ல. அடுத்தவன்மீது, அதுவும் அவன் தோற்ற பிறகு, நாம் எழுதும் தீர்ப்பு. 'எனக்கு இப்போ பேராசையா இருக்கு' என்று எவனும் சொன்னதில்லை. விலை ஏறும்போது அவன் உணர்வது உவகை. உவகை பிறக்கும் நான்கு இடங்களில் செல்வமும் விளையாட்டும் இருக்கின்றன. கிரிப்டோவில் இரண்டும் ஒரே திரையில் வருகின்றன. கொஞ்சம் கற்றுக்கொண்டபின் வருவது பெருமிதம் - அதன் இடங்களில் முதலாவது கல்வி என்பதைக் கவனியுங்கள். 'நான் ரிசர்ச் பண்ணித்தான் போட்டேன்' என்ற குரலை எல்லோரும் கேட்டிருப்போம்.

5

சுழற்சிகளின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எண்கள் அலுப்பூட்டும். 2013 நவம்பர் கடைசியில் ஒரு பிட்காயின் 1,100 டாலரைத் தாண்டியது. 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் பரிவர்த்தனையகம் திவாலானது. 2015 ஜனவரியில் 200க்குக் கீழே. 2017 டிசம்பரில் 20,000ஐ நெருங்கியது. ஒரு வருஷத்தில் 3,200. 2021 நவம்பரில் 69,000. 2022 நவம்பரில் எப்டிஎக்ஸ் கவிழ்ந்தபோது 16,000. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டி, 2025 அக்டோபர் முதல் வாரத்தில் 1,26,000. அடுத்த மாதமே 85,000க்குக் கீழே.

முக்கியமானது ஒவ்வொரு ஏற்றமும் தனக்கென்று ஒரு கதையைக் கொண்டுவந்ததுதான். 2013இல் வங்கிகளிடமிருந்து விடுதலை. 2017இல் ஆளுக்கொரு புது நாணயம் வெளியிடுவது. 2021இல் அச்சடித்த பணத்தின் பெருக்கத்துக்கு எதிரான 'டிஜிட்டல் தங்கம்'. 2024இல் வேடிக்கை பாருங்கள்: எந்த வங்கி முதலாளிகளிடமிருந்து விடுதலை என்று தொடங்கியதோ, அவர்களே ஜனவரியில் அமெரிக்க அனுமதியோடு இடிஎஃப் நிதிகள் தொடங்கியதுதான் நற்செய்தி. கதை தலைகீழானது, விலை ஏறியது. கதைகள் தொற்றுநோய் மாதிரி பரவித்தான் பொருளாதாரத்தை அசைக்கின்றன என்று 2019இல் ராபர்ட் ஷில்லர் ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் உதாரணமே பிட்காயின்தான்.

இந்தச் சின்னக் கதைகளுக்கு மேலே ஒரு பெருங்கதையாடலும் உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கூலி பாதியாகும், அதற்கு அடுத்த ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் உச்சம், பின் வீழ்ச்சி, பின் மௌனம், பின் மறுபடி. யுகக்கணக்கு மாதிரி. நான்கே நான்கு முறை நடந்த ஒன்றிலிருந்து விதி சமைப்பது ஜோசியக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். 2024இல் ஏப்ரல் பாதியாக்கத்துக்கு முன்னதாக மார்ச்சிலேயே 73,000க்குப் போய்ப் பழைய உச்சத்தை உடைத்தது. அதனால் விதி பொய்த்ததா என்றால் இல்லை, உரையாசிரியர்கள் புது உரை எழுதிவிட்டார்கள்.

உரையாசிரியர்கள் என்றதும் ஒரு பாடபேதம் ஞாபகம் வருகிறது. 2013 டிசம்பரில் விலை சரிந்துகொண்டிருந்த ஓர் இரவில், விஸ்கி போட்டுவிட்டு இணையத்தில் எழுதிய ஒருவர் 'விற்காமல் வைத்திருக்கிறேன்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்து மாற்றி 'ஹோட்லிங்' என்று தட்டிவிட்டார். பிழை நிலைத்துவிட்டது. 'ஹோட்ல்' இன்று ஒரு விரதத்தின் பெயர். விற்காதவன் திடசித்தன், விற்றவன் கோழை. ஓர் எழுத்துப்பிழை ஒழுக்கநெறியான இந்தக் கதையை வேடிக்கையாக விட்டுவிட முடியவில்லை என்னால். காரணம், அந்த நெறியின்படி தண்டனை அனுபவிக்கிற ஒருவன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான்.

6

என் அக்கா மகன். கோவையில் ஒரு கம்பெனியில் வேலை. 2021 நவம்பரில், ஒரு பிட்காயின் 50 லட்சம் ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தபோது, அம்மாவின் நகையை வங்கியில் வைத்து எடுத்த ஒண்ணேகால் லட்சத்துக்கும் பிட்காயின் துணுக்கு வாங்கினான். சரியாக ஒரு வருஷம் கழித்து விற்றான். கிடைத்தது முப்பத்தி நாலாயிரத்துச் சொச்சம். இப்போது பேசினால் சொல்வது இதுதான்: 'தப்பு என்னுதுதான் மாமா. பயந்துட்டேன். சென்டிமென்ட்ல வித்துட்டேன். ஹோட்ல் பண்ணியிருந்தா இன்னைக்கு ரெண்டு மடங்கு.' கணக்கு சரிதான். 2025 அக்டோபர் விலைக்கு ரெண்டு மடங்குக்கு மேலேயே வரும். ஆனால் விற்ற அந்த வாரத்தில் அவன் பயந்தானா என்று கேட்டுப் பார்த்தேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: நகைக்கடன் ஒரு வருஷ கெடு முடிந்துவிட்டது. வட்டியாவது கட்டித் திருப்பி வைக்காவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அக்காவுக்குத் தெரியாது.

இதில் அச்சம் எங்கே இருக்கிறது? இருப்பது தவணை. மண்டிப் பெரியவர் சொன்ன அழுகலை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிட்காயின் அழுகாது, ஆனால் அதை வாங்கிய காசு அழுகும். கடன் வாங்கிய காசு, பள்ளிக்கூட ஃபீஸுக்கு எடுத்து வைத்த காசு, சீட்டு எடுத்த காசு எல்லாம் கிழங்கு மாதிரி. அவற்றுக்கு ஒரு தேதி உண்டு. மீளாத காசு வைத்திருப்பவனும் மீளவேண்டிய காசு வைத்திருப்பவனும் ஒரே விலைக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒரே சந்தையில் இல்லை. விலைச்சுழற்சியின் அடிவாரம் என்பது பயந்தவனையும் தைரியசாலியையும் பிரிக்கும் இடம் என்று சொல்லப்படுகிறது. என் வாசிப்பில் அது தேதி உள்ள காசையும் தேதி இல்லாத காசையும் பிரிக்கும் இடம். முன்னது கை மாறிப் பின்னதிடம் போய்ச் சேர்கிறது. அதன்பின் அந்தக் கைமாற்றத்துக்கு 'சென்டிமென்ட்' என்று பேர் வைக்கிறார்கள். தோற்றவனும் நம்பிவிடுகிறான். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

உடனே ஒரு மறுப்பு வரும், குறிப்பாக இடதுசாரி நண்பர்களிடமிருந்து: இதெல்லாம் ஈமு கோழிதான், இதில் என்ன வாசிப்பு வேண்டிக்கிடக்கிறது? கொங்கு நாட்டான் இதைக் கேட்டால் கோபப்பட முடியாது. 1998இல் விழுந்த அனுபவ் தேக்குமரத் திட்டம், 2008-09இல் திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி ஏறத்தாழ 930 கோடி திரட்டிய பாஸி, 2012இல் பெருந்துறை சுசி ஈமு என்று நம் வரிசை நீளம். பாஸி வழக்கில் தீர்ப்பு வர 2022 ஆகஸ்ட் ஆயிற்று. இருவருக்கு 27 வருஷம் சிறை. ஈமு விஷயத்தில் பறவைகள் அனாதையாகித் தீவனச் செலவு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது.

ஆனால் ஈமுவும் பிட்காயினும் அமைப்பில் ஒன்றல்ல. ஈமுவுக்கு விலையே கிடையாது. மாதாமாதம் இவ்வளவு தருகிறேன் என்ற வாக்குத்தான் இருந்தது. வாக்கு காப்பாற்றப்படும் நாள் வரை எல்லாம் சரி, மறுநாள் எதுவுமே இல்லை. ஏற்றம் இறக்கம் என்பதற்கே அங்கு இடமில்லை. ஏமாற்றியவனுக்கு ஒரு பெயரும் ஒரு ஆபீசும் உண்டு, போலீஸ் வரலாம், தமிழ்நாட்டில் 1997ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. பிட்காயினில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எனவே குற்றவாளியும் இல்லை. குற்றவாளி இல்லாத இடத்தில் குற்றம் போய் எங்கே உட்காரும்? தோற்றவன் நெஞ்சில். ஈமுவில் ஏமாந்தவர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார், ஏமாற்றினான் என்று கத்தினார். அது வெகுளி, ஒரு நியாயமான மெய்ப்பாடு. அக்கா மகனுக்கு வாய்த்தது இளிவரல் மட்டும்.

(கிரிப்டோவின் பேரால் ஈமு நடத்துகிறவர்களும் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஹோட்டலில் கூட்டம் போட்டு, 'காயின் லாஞ்ச்' என்று சொல்லி, ஆள் சேர்த்தால் கமிஷன். அது வேறு. அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்.)

7

அச்சத்துக்குத் தொல்காப்பியர் காட்டும் இடங்கள் நான்கு: தெய்வம், விலங்கு, திருடர், ஆள்பவன். விலங்கு என்றால் சந்தைக்காரர்கள் கரடியைக் காட்டுவார்கள், விட்டுவிடலாம். கடைசி இரண்டும் இந்தியக் கிரிப்டோக்காரருக்கு நிஜமாகவே நேர்ந்தவை. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் பரிவர்த்தனையகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. வாடிக்கையாளர் கணக்குகள் முடக்கப்பட்டன. இந்த அச்சங்களுக்கெல்லாம் பொருள் உண்டு. இவற்றைச் சென்டிமென்ட் என்று சொல்வது யானையைக் கண்டு ஓடியவனை மனநோயாளி என்பதற்குச் சமம்.

வேறொரு அச்சமும் இருக்கிறது, அதற்கு உரை எழுதப் பேராசிரியருக்கே திணறியிருக்கும். 2025 அக்டோபர் 10 அன்று, சீனாமேல் 100 சதவீதம் கூடுதல் வரி என்று டிரம்ப் அறிவித்த சில மணி நேரத்தில், கடன்மேல் வாங்கப்பட்டிருந்த கிரிப்டோ பந்தயங்கள் 1,900 கோடி டாலருக்குமேல் தாமாகவே விற்றுத் தீர்க்கப்பட்டன. 'லிக்விடேஷன்' என்கிறார்கள். பத்து ரூபாய் வைத்து நூறு ரூபாய்க்கு வாங்கியவன் சரக்கு, விலை ஒரு கோட்டைத் தொட்டதும் இயந்திரத்தால் விற்கப்படும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அடுத்தவன் கோடு வரும், அவனுடையதும் போகும். நம் ஊரில் அப்போது பின்னிரவு. உரியவர்களில் பலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தலைப்பு: 'அச்சத்தில் முதலீட்டாளர்கள்'. அந்த நேரத்தில் அச்சம் யார் உடம்பில் தோன்றியது? வியர்த்தது யாருக்கு? விற்றது நிரல், அதற்கு மெய் கிடையாது. மெய் இல்லாத இடத்தில் நிகழ்ந்த ஒன்றுக்கு மெய்ப்பாட்டின் பெயரைச் சூட்டி, காலையில் எழுந்திருக்கப்போகிற மனிதனின் கணக்கில் அதை எழுதி வைக்கிறது சந்தையின் சொல்லாடல்.

அரசின் சொல்லாடல் இன்னும் சுவாரசியம். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. ஒன்றில் வந்த லாபத்தில் இன்னொன்றில் வந்த நஷ்டத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அந்த ஜூலையிலிருந்து விற்கும்போதே 1 சதவீதம் பிடித்தம். வருமான வரிச் சட்டத்துக்கு உவகை தெரியும், அழுகை தெரியாது. ஆனால் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வாசிர்எக்ஸில் எக்ஸ்ஆர்பி நாணயம் முடங்கிப்போன ஒருவர் தொடுத்த மனுவில், கிரிப்டோ என்பது பணமும் அல்ல, தொட்டுணரும் பொருளும் அல்ல, ஆனால் உடைமை என்று சொல்லியிருக்கிறது; நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தொல்காப்பியரின் அந்த முப்பத்திரண்டில் முதலில் நிற்கும் சொல் அது.

அக்கா மகன் 2022-23க்கு வரிக்கணக்குத் தாக்கல் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். தொண்ணூறாயிரத்துச் சொச்சம் நஷ்டத்தை எதிலும் கழிக்க இடமில்லை என்று ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொன்னான். பிடித்த 1 சதவீதத்தை மட்டும் திரும்பக் கேட்டு எழுதினான். முன்னூற்று நாற்பது ரூபாய் வந்தது. நகையை மீட்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று, ஏலச்சீட்டு எடுத்து.